"இளம் அணி, இப்போதே சேருங்கள்" என்று போன் வந்தால்: பேஸ்பால் சீசன் டிக்கெட் பற்றி ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் முடிகிற சமயத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் அணிகளின் டிக்கெட் ஆபீஸிலிருந்து போன் வரத் தொடங்கும். பேசுகிறவர் மிகவும் இனிமையாகப் பேசுவார். அணியை அடியிலிருந்து புதிதாகக் கட்டுகிறோம், இப்போதே பல வருட மெம்பர்ஷிப் எடுத்தால் விலை ஏறாது, பிளேஆஃப் வரும்போது டிக்கெட் முதலில் உங்களுக்குத்தான் என்பார். பிள்ளைகள் லிட்டில் லீக் ஆடத் தொடங்கியிருக்கும் நம் வீடுகளில் இது நன்றாகவே எடுபடுகிறது. எங்கள் வீட்டிலும் எடுபட்டது. எந்த அணி என்று சொல்லப் போவதில்லை. இந்த வியாபாரம் ஓர் ஊரோடு நிற்பதும் இல்லை.

விளம்பர அட்டை முழுக்க ஒரே வீரரின் முகம், அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்). என் மகன் அவருடைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். ஜூலை கடைசியில், அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் கெடு முடிவதற்குள் அவரை விற்றுவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர்கள் மூன்று மைனர் லீக் (பெரிய லீக்குக்குக் கீழே உள்ள பயிற்சி லீக்) பையன்கள். அதில் ஒருவர் முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்த பிட்சர் (பந்து வீசுபவர்). போன் செய்து கேட்டதற்கு, யார் ஆடுவார்கள் என்பதற்கு ஒப்பந்தத்தில் உத்தரவாதம் கிடையாது என்றார்கள். சட்டப்படி அது சரிதான்.

பிறகு டிக்கெட் மாற்றும் கதை. போக முடியாத ஆட்டத்தின் டிக்கெட்டை வேறு ஆட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். மாற்றப் போனால் ஏப்ரல் குளிரில் நடக்கும் செவ்வாய், புதன் ஆட்டங்கள் மட்டுமே திறந்திருக்கும். யாங்கீஸோ டாட்ஜர்ஸோ வரும் நாட்கள் மூடப்பட்டிருக்கும். சரி, விற்றுவிடலாம் என்றால், சீசனின் 162 ஆட்டத்தில் நூறு தோற்கும் அணியின் டிக்கெட்டை நாம் கொடுத்த விலைக்கு யார் வாங்குவார்கள்? உள்ளூர் ஆள் ஒருவர் அதே வரிசை சீட்டை, ஆட்டத்தன்று காலை, எங்கள் விலையில் பாதிகூடக் கொடுக்காமல் வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், கடலையும் கொடுத்தார்.

மிக மோசமானது தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து. அடுத்த சீசனுக்கான முதல் தவணை கார்டிலிருந்து போன பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. ரத்து செய்யும் கெடு அதற்கு முன்பே முடிந்திருந்தது. அந்த அறிவிப்பு ஈமெயிலில் வரவில்லை. ஆப்புக்குள் இருக்கும் மெசேஜ் பெட்டியில் போட்டிருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது 'கிரெடிட்' தருகிறோம் என்றார்கள். ஸ்டேடியத்துக்குள் ஹாட்டாக்கும் தொப்பியும் வாங்க மட்டும் செல்லும் கிரெடிட். வங்கியில் ஆட்சேபித்தும் பலிக்கவில்லை. மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்த பிறகுதான் மிச்ச வருடங்களை ரத்து செய்தார்கள். கட்டிய தவணை போனதுதான்.

இதில் எனக்கு ஆத்திரம் டிக்கெட் ஆபீஸ் மேல் மட்டும் இல்லை, தோற்பதையே திட்டமாக வைத்து விற்கும் அணிகள் மேலும்தான். போன் செய்கிறவர் தவறாமல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் கதையைச் சொல்வார்: 2013இல் 111 தோல்வி, 2017இல் வேர்ல்ட் சீரிஸ். எதிரணி பிட்சருக்குக் கொடுக்கும் சைகையைத் திருடிய விவகாரத்தில் அந்த அணிக்கு 2020இல் 50 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டதைச் சொல்ல மாட்டார். சிகாகோ வைட் சாக்ஸ் அணி பற்றியும் மூச்சு விட மாட்டார். அவர்களும் 2016 டிசம்பரில் கிறிஸ் சேல் என்ற நட்சத்திர பிட்சரை விற்று இதே வழியில்தான் இறங்கினார்கள். 2020, 2021இல் பிளேஆஃப் போய் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். 2024இல் 121 ஆட்டம் தோற்றார்கள், நவீன காலத்தில் எந்த அணியும் ஒரே சீசனில் அத்தனை தோற்றதில்லை. புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட்; தோற்ற அணிகளுக்கு அதில் வழக்கமாக முன் இடம் கிடைக்கும். ஆனால் அவ்வளவு தோற்றும் 2025 டிராஃப்டில் பத்தாவது இடத்துக்கு மேல் அவர்களால் தேர்வு செய்ய முடியவில்லை. பெரிய நகர அணிகள் அடுத்தடுத்த வருடங்களில் லாட்டரித் தேர்வு (குலுக்கலில் தரப்படும் முதல் இடங்கள்) பெறக் கூடாது என்பது விதி. முதல் தேர்வு கிடைத்தாலும் போதாது. பிட்ஸ்பர்க் அணி 2023இல் முதல் தேர்வாக எடுத்த பால் ஸ்கீன்ஸ் 2025இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதே வாங்கிவிட்டார். அணி கடைசியாகப் பிளேஆஃப் பார்த்தது 2015இல்.

ஐபிஎல் போல ஒரு மெகா ஏலத்தில் அணியைப் புரட்டிப் போட இங்கே வழியில்லை. டிராஃப்டில் எடுத்த பதினெட்டு வயதுப் பையன் மைனர் லீக் படிகளில் ஏறி வரப் பல வருடம் ஆகும், பெரும்பாலானோர் வரவே மாட்டார்கள். அதுவரை ஓனருக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. அணிகள் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. ஓர் அணி வீரர் சம்பளத்துக்கு மொத்தம் இவ்வளவாவது செலவழிக்க வேண்டும் என்ற வரம்பும் கிடையாது. வந்த பங்கை அணிக்குச் செலவழிக்கவில்லை என்று வீரர் சங்கமே 2018இல் நான்கு அணிகள் மேல் புகார் கொடுத்தது. ஆக, தோற்கும் வருடங்களுக்கு முன்பணம் கட்டுவது நாம்தான்.

என்னிடம் விட்டால் என்ன செய்வேன்? முதலில் கான்சஸ் சிட்டி அணியைப் பார்க்கச் சொல்வேன். 2023இல் 106 தோல்வி. அந்தக் குளிர்காலத்தில் சேத் லூகோ, மைக்கேல் வாக்கா என்று அனுபவமுள்ள இரண்டு பிட்சர்களைக் கூலி கொடுத்துக் கொண்டுவந்தார்கள். இளம் நட்சத்திரம் பாபி விட் ஜூனியரை விற்காமல் 11 வருடத்துக்குக் கட்டிப் போட்டார்கள். 2024இல் 86 வெற்றி, பிளேஆஃப். நட்சத்திரமே வேண்டாம், தங்கள் முறை வரும்போதெல்லாம் ஒன்பதில் ஆறு இன்னிங்ஸ் தாங்கக்கூடிய பிட்சர்கள் இருந்தால் போதும், இளைஞர்கள் மூச்சு விடுவார்கள். அப்புறம், தயாராகிவிட்ட பையனைக் கணக்குக்காக மைனர் லீக்கில் உட்கார வைப்பது நிற்க வேண்டும். பெரிய லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு வருட சர்வீஸ்; அது சேரச் சேரத்தான் வீரர் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வரும். 2015இல் கிரிஸ் பிரையண்டுக்குக் கிடைத்தது 171 நாள், அதனால் சிகாகோ கப்ஸ் அணி அவரை இன்னொரு வருடம் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிந்தது. மைனர் லீக் பயிற்சியாளர்களுக்கு நல்ல சம்பளம் கொடுக்க வேண்டும். வைட் சாக்ஸ் கதையில் வாங்கிய பையன்களை வளர்க்கும் இடத்தில்தான் பெரிய ஓட்டை விழுந்தது என்பது என் எண்ணம்.

மெம்பர்ஷிப்பிலும் ஒரு ஷரத்து வேண்டும்: விளம்பரத்தில் போட்ட வீரரை விற்றால், வாங்கியவர் அபராதம் இல்லாமல் விலகலாம். எந்த அணியும் தானாகத் தராது. கேட்டுப் பாருங்கள், ஒரு வருட ஒப்பந்தமாக மாற்றித் தரவாவது சம்மதிப்பார்கள்.

இனி போன் வந்தால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதை ஈமெயிலில் எழுதி வாங்குங்கள். எந்தெந்த ஆட்டங்களுக்கு டிக்கெட் மாற்ற முடியாது என்ற பட்டியலைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். டெபாசிட்டைக் கார்டில் கட்டுங்கள், வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்கள் புகாரில் கடைசியில் உதவியது அது ஒன்றுதான்.