மின் ஸ்கூட்டர்: கழற்றும் பேட்டரியா, பொருத்திய பேட்டரியா?

விலை, மைலேஜ் எல்லாம் அப்புறம். பேட்டரியைக் கையால் கழற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள்.

சார்ஜ்: விடா வி1 ஸ்கூட்டரின் இரண்டு பேட்டரிகளையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் போடலாம். ஏதர் 450எக்ஸ் ஸ்கூட்டரில் பேட்டரி வண்டியோடு சேர்ந்தது; நிறுத்தும் இடத்திலேயே பிளக் பாயிண்ட் வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு ஓனர் சம்மதிக்க வேண்டும், தனி மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க வேண்டும். பலர் மின் வண்டி ஆசையையே விடுவது இங்கேதான்.

சுமை: விடா வி1-இன் கழற்றும் பேட்டரி ஒவ்வொன்றும் சுமார் 11 கிலோ. லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். பொருத்தியதில் இந்தத் தொல்லை இல்லை.

பழுது: கழற்றுவதென்றால் பேட்டரியை மட்டும் சர்வீஸுக்கு எடுத்துப் போகலாம், மற்றதில் வண்டியே போக வேண்டும்.

சொந்த பார்க்கிங்கும் பிளக்கும் இருந்தால் பொருத்தியதே வசதி. தெருவில் நிறுத்துபவர்கள் கழற்றுவதையே வாங்குங்கள்.