பிஎஸ்2-வில் நகல் டிஸ்க்: சிப்பா, கார்டா, ஹார்ட் டிஸ்கா?

மார்த்தாண்டம், களியக்காவிளை, அங்கே பாறசாலை வரை, கல்ஃபில் ஆள் இருக்கும் வீட்டுப் பரணில் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) என்ற பழைய வீடியோ கேம் மெஷின் ஒன்று கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு. எடுத்துத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் ஓடும். தகராறு டிஸ்கில்தான். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று ஈரம் காயாத ஊரில் டிஸ்கில் பூஞ்சை படர்கிறது, லென்ஸும் மங்குகிறது. அப்போதுதான் நகல் எடுத்து ஓட்டும் யோசனை வருகிறது.

கம்ப்யூட்டரில் எழுதிய விளையாட்டு டிவிடியை அப்படியே போட்டால் பிஎஸ்2 ஏற்காது. அசல் டிஸ்கில் தொழிற்சாலையிலேயே பதிக்கும் அடையாளத்தைச் சாதாரண ரைட்டரால் எழுத முடியாது. அந்தச் சோதனையைத் தாண்டப் பல வழிகள் உண்டு.

பழைய வழி மோட் சிப், அதாவது மெஷினுக்குள் உட்கார்ந்து அந்தச் சோதனையை ஏமாற்றும் சின்னச் சிப். கடையில் கேட்டால், "சிப்பு அடிச்சிட்டா பின்ன ஒரு பிரச்சினையும் இல்ல மக்களே" என்பார்கள். வேலை முடிந்தபின் அது உண்மையும்கூட: டிஸ்கைப் போட்டால் ஓடும், வேறு எதையும் தொட வேண்டாம், எந்த நாட்டு டிஸ்க் என்ற பேதமும் இல்லை. ஆனால் மெஷினைப் பிரித்து, மயிரிழை போன்ற வயர்களை போர்டில் சால்டர் செய்ய வேண்டும். பல சிப்களுக்குச் சுமார் இருபது இடம். ஒன்று தவறினால் போர்டே போகும். சால்டர் பிடிக்கத் தடவும் ஃபிளக்ஸைச் சரியாகத் துடைக்காமல் விட்டால் நம் ஊர் ஈரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதில் தேர்ந்த கையும் இப்போது அரிது. என் கணக்கில் இதற்குப் பெரிய குறை வேறு: இத்தனை பாடுபட்டும் கடைசியில் அதே வயதான லென்ஸை நம்பித்தான் இருக்கிறோம்.

ஸ்வாப் டிஸ்க் என்று ஒன்று இருந்தது. அசல் மாதிரியே ஏமாற்றும் ஒரு டிஸ்கைப் போட்டு, மெஷினுக்குத் தெரியாமல் தட்டை நெம்பி நகலை மாற்றி வைப்பது. வேண்டாம், பாவம் அந்தத் தட்டு.

2008 வாக்கில் வந்த ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருள் கதையையே மாற்றியது. பிஎஸ்2 எழும்போது, தனக்கு ஏதாவது சிஸ்டம் அப்டேட் இருக்கிறதா என்று, விளையாட்டைச் சேமிக்கும் மெமரி கார்டைப் பார்க்கும். அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, வெளி மென்பொருள்களை ஓட வைக்கிறது இது. மெஷினைத் திறக்கவே வேண்டாம். கார்டைப் பிடுங்கினால் பழையபடி ஆகிவிடும். பதிந்த கார்டாக வாங்கலாம். அல்லது 2020-இல் வெளிவந்த ஃப்ரீ டிவிடி பூட்டை (பட டிவிடி போல வேஷம் போட்டு மெஷினுக்குள் நுழையும் மென்பொருள்) ஒரு டிவிடியில் எழுதிப் போட்டு, அதன் வழியாக நாமே பதியலாம். அதற்கு அந்த ஒரு டிஸ்கைப் படிக்கும் அளவுக்கு லென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும்.

கார்டு தயாரானபின் இரண்டு பாதை. டிஸ்க்தான் வேண்டும் என்றால், டிஸ்கின் முழு நகல் ஃபைலான இமேஜை இஎஸ்ஆர் என்ற முறையில் திருத்தி எழுதினால் மெஷின் அதைப் பட டிவிடி என்று நம்பிவிடும். டிவிடி-ஆர் வாங்குங்கள், மெதுவான வேகத்தில் எழுதுங்கள். 2021-இல் வந்த மெக்காபோன் இன்னும் ஒரு படி மேலே போய், மெஷினின் உள் அமைப்பையே மாற்றி நகலை நேரடியாக ஏற்க வைக்கிறது. ஆனால் மாடல் எண்ணில் 50000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும்தான் இதற்கு ஒத்துவரும். எழுதும்போது கரண்ட் போனால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

நான் சொல்வது மற்ற பாதை: டிஸ்கை விட்டுவிட்டு, இமேஜையே நேரடியாக ஓட்டும் ஓப்பன் பிஎஸ்2 லோடர், அதாவது ஓபிஎல். தடித்த பழைய மாடல்களில் 30000, 50000 வரிசை இருந்தால் யோகம். பின்பக்கம் நெட்வொர்க் அடாப்டர் மாட்டி ஐடிஇ என்ற பழைய ரக ஹார்ட் டிஸ்க் சொருகிவிடலாம். லென்ஸுக்கு ஓய்வு, லோடிங்கும் வேகம். பின்னால் வந்த மெல்லிய ஸ்லிம் மாடலில் அந்த இடமே கிடையாது. அங்கே எல்லோரும் முதலில் நாடுவது பென்டிரைவ், அதில்தான் ஏமாற்றமும். பிஎஸ்2-வின் யுஎஸ்பி 1.1 ரகம். நடைமுறையில் நொடிக்கு சுமார் 1 எம்பிதான் வரும், டிஸ்க் டிரைவோ 5 எம்பிக்கு மேல் தரும். விளையாட்டு ஓடும், நடுவில் வரும் வீடியோ திக்கும். ஸ்லிம்காரர்கள் பின்னாலுள்ள லேன் போர்ட்டில் கேபிள் சொருகி, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டரிலிருந்து ஓட்டுவது நல்லது. அது சரிப்படாவிட்டால், மெமரி கார்டு ஸ்லாட்டில் எஸ்டி கார்டு சொருகும் எம்எக்ஸ்4எஸ்ஐஓ வாங்கலாம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாக வைத்திருக்கும் கணினி நிரலுக்கு, இழப்புக்கும் சேதத்துக்கும் பாதுகாப்பாக நகல் எடுக்க இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. சொந்த டிஸ்கின் நகலுக்கும், இரவல் வாங்கி நூறு விளையாட்டை அடுக்குவதற்கும் உள்ள தூரம் அங்கேதான்.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் அடியிலுள்ள ஸ்டிக்கரைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கடைசி 90000 வரிசையில் தேதிக் குறியீடு 8டி அல்லது அதற்குப் பின் என்றால் ஃப்ரீ மெக்பூட் ஓடாது, 8சி என்றால் இரண்டுங்கெட்டான், சிலதில் ஓடும், சிலதில் ஓடாது. அவற்றுக்கு, அதே வேலையைச் செய்யும் ஓப்பன்டுனா பதிந்த கார்டு கேளுங்கள். பிஎஸ்2-வின் சொந்த மெனுவிலுள்ள பிரவுசரில் கார்டைத் திறந்ததும் கிளம்பும், அப்புறம் அதே ஓபிஎல்தான்.