நடுகல்லா, நீலப் பலகையா?

ஊர் வரலாற்றைச் சொல்ல நம் பக்கம் இரண்டு இருக்கின்றன: பழைய நடுகல், பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் அருகே மத்தியத் தொல்லியல் துறை வைக்கும் நீலப் பலகை.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவன் பக்கத்திலேயே அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். அரசன் பெயர் வருவது ஆண்டு சொல்லத்தான். கதை முழுக்க மாடு காத்தவனுடையது.

நீலப் பலகை பெரும்பாலும் சட்டம்தான் பேசும். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. யார் வாழ்ந்தார், ஏன் இறந்தார் என்பது அதில் அபூர்வம். ஆனால் அந்த மிரட்டல் தேவைதான். வயல் வரப்பில் கேட்பாரற்றுக் கிடக்கும் நடுகல் துணி துவைக்கும் கல்லாகிவிடும், சாலை போடும்போது புதைந்தும் போகும்.

கதை சொல்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நடுகல்தான். ஆனால் அதன் எழுத்து, தமிழின் பழைய எழுத்து முறையான வட்டெழுத்து என்பதால் இன்று போகிறவர்களால் படிக்க முடியாது. ஒவ்வொரு நடுகல்லுக்கும் பக்கத்தில், அதன் வாசகத்தை இன்றைய தமிழில் எழுதிய ஒரு சின்னப் பலகை வைத்தாலே போதும்.