அலாஸ்காவா, பிரிட்டிஷ் கொலம்பியாவா: வழிகாட்டியுடன் பெருவிலங்கு வேட்டையும் சால்மன் தூண்டிலும்

டொராண்டோவில் வசிக்கும், கனடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் மூஸ் மான் வேட்டைக்காக வடக்கே போவதென்று முடிவு செய்தால், அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாம் போகும் இடத்தின் சட்டம் தம்மை எந்த வகையில் சேர்க்கிறது என்பதே. அலாஸ்கா மாநிலம் வெளியாரை இரண்டாகப் பிரிக்கிறது. பிற அமெரிக்க மாநிலங்களின் குடிமக்கள் பழுப்புக் கரடி, டால் எனும் வெண்ணிறக் காட்டுச் செம்மறி, மலையாடு ஆகிய மூன்றுக்கு மட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டியையோ அலாஸ்காவில் வாழும் நெருங்கிய உறவினரையோ உடன் அழைத்துச் சென்றாக வேண்டும். மூஸ், கேரிபூ எனும் கலைமான், கருங்கரடி ஆகியவற்றைத் தாமே தேடிப் போகலாம். அமெரிக்காவுக்கு வெளியே வாழும் அயல்நாட்டவருக்கோ பெருவிலங்கு எதுவாயினும் வழிகாட்டி கட்டாயம். சிறு விமானத்தில் போய் ஆற்றங்கரையில் இறங்கி, வழிகாட்டி இல்லாமலேயே மூஸ் வேட்டையாடிச் செலவைப் பாதியாகக் குறைத்ததாக அமெரிக்கர்கள் எழுதும் அனுபவங்கள் கனடாவில் வாழும் நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தப் பிரிவினை வேறு விதமாக அமைந்திருக்கிறது. அந்த மாகாணத்தில் குடியிராத எவரும், அவர் ஒன்டாரியோவிலிருந்து வந்த கனடியராகவே இருந்தாலும், பெருவிலங்கு வேட்டைக்கு உரிமம் பெற்ற ஏற்பாட்டாளர் (வழிகாட்டலை ஏற்று நடத்தும் அவுட்ஃபிட்டர்) ஒருவருடன்தான் போக வேண்டும். மாகாணவாசி ஒருவர் அரசிடம் தனி அனுமதி பெற்று, கட்டணம் எதுவும் வாங்காமல் அழைத்துச் செல்லும் வழியும் உண்டு. ஆனால் அதற்கு அங்கே நெருக்கமான ஒருவர் இருக்க வேண்டும். ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு இடங்களிலும் வழிகாட்டியைத் தவிர்க்க முடியாது. அப்படியானால் ஒப்பிட வேண்டியது அந்த வழிகாட்டிக்கும் அவர் நம்மை அழைத்துச் செல்லும் நிலத்துக்கும் உள்ள உறவைத்தான் என்பது என் கருத்து.

அலாஸ்காவில் ஒரு காலத்தில் வழிகாட்டிகளுக்குத் தனியுரிமைப் பகுதிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. மீனும் விலங்கும் நீரும் மக்கள் அனைவரின் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை என்று அம்மாநில அரசியலமைப்பு கூறுவதால், அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1988-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பதிவு பெற்ற வழிகாட்டி ஒருவர் மூன்று பகுதிகள் வரை பதிந்துகொள்ளலாம் என்ற வரம்பு வந்ததே தவிர, மாநில நிலத்தில் ஒரே பகுதியில் எத்தனை பேர் பதிந்துகொள்ளலாம் என்பதற்கு வரம்பு வரவில்லை. நடுவண் அரசின் வனவிலங்குப் புகலிடங்களில் நிலைமை நேர்மாறானது. 1941-இல் அமைக்கப்பட்ட கோடியாக் புகலிடம் போன்ற இடங்களில் வழிகாட்டிகள் போட்டி முறையில் விண்ணப்பித்து, தேர்ந்தெடுக்கப்பட்டு, குறிப்பிட்ட பகுதியைச் சில ஆண்டுகளுக்குப் பெறுகிறார்கள். எனவே அலாஸ்காவில் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. முகாம் அமையப்போவது மாநில நிலத்திலா, நடுவண் நிலத்திலா, அந்தப் பள்ளத்தாக்கில் வேறு எத்தனை பேர் தொழில் செய்கிறார்கள் என்பதே. இதைக் கேட்காமல் போனவர்கள், தாங்கள் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த செம்மறிக் கிடாவை அடுத்த மலைமுகட்டிலிருந்து இன்னொரு குழு நெருங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏற்பாட்டாளருக்கு வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் தொழில் செய்யும் தனியுரிமை உண்டு. மாகாணவாசிகள் அங்கே தாமாக வேட்டையாடலாம். ஆனால் வேறு ஏற்பாட்டாளர் விருந்தினரோடு நுழைய முடியாது. பல விலங்குகளுக்கு அவருக்கென்று ஒதுக்கீட்டு எண்ணிக்கையும் விதிக்கப்படுகிறது. இந்த உரிமைகள் விற்கப்படுவதும் தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்குக் கைமாறுவதும் உண்டு என்பதால், இந்த ஆண்டு இளங்கிடாவைச் சுட்டுவிட்டால் அடுத்த பத்தாண்டுகளுக்கு நட்டம் தமக்கே என்பதை ஏற்பாட்டாளர் அறிவார். 1998-இல் அமைக்கப்பட்டு, பின்னர் விரிவாக்கப்பட்டு, இன்று சுமார் 64 லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள மஸ்க்வா-கெச்சிகா பகுதியில் இன்றும் பொதிக்குதிரைகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு இரண்டு வாரம் மலைக்குள் அலையும் வேட்டை முறை உயிரோடிருப்பதற்கு, நிலத்தோடு இப்படிக் கட்டுண்ட உரிமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுத்துள்ள கனடிய ஆட்சிப்பகுதியான யூக்கானிலும் தனியுரிமைப் பகுதிகள் உண்டு. யூக்கானின் மூஸ் பருவம் ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து அக்டோபர் இறுதி வரை நீள்வதால், விடுப்புத் தேதிகளில் நெகிழ்வு இல்லாதவர்கள் அதையும் கருதலாம்.

எந்த விலங்கு என்பதில் தெரிவு பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். கடற்கரைப் பழுப்புக் கரடி வேண்டுமானால் அலாஸ்காதான். பிரிட்டிஷ் கொலம்பியா 2017 டிசம்பரில், அங்கே கிரிஸ்லி என்று அழைக்கப்படும் இதே இனக் கரடியின் வேட்டையை மாகாணம் முழுவதும் நிறுத்திவிட்டது. அலாஸ்கா தீபகற்பத்தில் இந்த வேட்டை ஒற்றைப்படை ஆண்டுகளில் இலையுதிர்காலத்திலும் இரட்டைப்படை ஆண்டுகளில் வசந்தத்திலும் மட்டுமே திறக்கும்; கோடியாக்கில் அனுமதிகளுக்கு வரம்பு உண்டு. மாறாக, ஸ்டோன் செம்மறி வேண்டுமானால் வடக்குப் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் தெற்கு யூக்கானுக்கும் வெளியே அது கிடையாது. அதன் விலையும் 50,000 அமெரிக்க டாலரைத் தாண்டிப் போய் வெகு காலமாகிறது. மூஸ் இரண்டு இடங்களிலும் உண்டு. அலாஸ்காவில் வெளியார் சுடும் மூஸுக்குப் பல பகுதிகளில் கொம்பின் அகலம் 50 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிப்பக்கக் கிளைகள் விதித்த எண்ணிக்கையில் இருக்க வேண்டும். புதர்களுக்கிடையே, மங்கிய ஒளியில், 49 அங்குலத்தையும் 51 அங்குலத்தையும் வேறுபடுத்திச் சொல்லும் கண் உள்ளவரே அங்கே நல்ல வழிகாட்டி. கூலி அந்தக் கண்ணுக்குத்தான்.

சால்மனில் கணக்கு தலைகீழாகிறது. இதில் நான் தயக்கமின்றி அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாப் பக்கமே நிற்பேன். குவிச்சாக், நாக்னெக், நுஷகாக், எகெகிக் முதலிய ஆறுகள் கலக்கும் அந்த விரிகுடாவுக்குத்தான் உலகிலேயே மிகப் பெரிய சாக்கை சால்மன் வரத்து வருகிறது. 2022-இல் அது சுமார் 7.9 கோடி மீன்களைத் தொட்டது. அதன் தலைநீர்ப் பகுதியில் திட்டமிடப்பட்ட பெப்பிள் சுரங்கத்துக்கு எதிராக 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடை விதித்தபோது, அந்த ஆறுகளில் ஒருமுறையாவது நின்றவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆங்கரேஜிலிருந்து கிங் சால்மன் அல்லது டில்லிங்ஹாம் ஊருக்குப் பயணிகள் விமானத்தில் போய், அங்கிருந்து மிதவை விமானத்தில் மீன்பிடி லாட்ஜுக்குப் போக வேண்டும். செலவில் கணிசமான பங்கு இந்தப் பறத்தலுக்கே போகிறது.

ஆங்கரேஜிலிருந்து சாலை வழியே எட்டக்கூடிய கீனாய் ஆறு இதைவிட மலிவு. ஜூலையில் சாக்கை அங்கும் ஏராளமாக ஏறும். ஆனால் ரஷ்யன் ஆறு கலக்கும் இடத்தில் தோளோடு தோள் உரச நின்று தூண்டில் வீச வேண்டியிருக்கும். சாக்கை, கடலில் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களைத் தின்று வளர்வது. ஆற்றுக்குள் வந்தபின் இரையைக் கடிப்பது அரிது. நீரோட்டத்தில் நூலை மிதக்கவிட்டு, முள் அதன் வாயோரத்தில் மாட்டும்படி செய்வதே பெரும்பாலோர் கையாளும் வழி. இது மீன் சேர்க்கும் முறை. தூண்டிலுக்குப் பாய்ந்து வரும் மீனோடு மல்லுக்கட்டும் இன்பத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இது ஏமாற்றம் தரும். அந்த இன்பம் கோஹோ சால்மனிடம் உண்டு. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஏறும் அந்த வெள்ளி மீன், இரையைத் துரத்தி வந்து கடிக்கும்.

கிங் என்றும் சினூக் என்றும் அழைக்கப்படும் பெரிய சால்மனைப் பற்றி மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 1985 மே மாதத்தில் கீனாய் ஆற்றில் பிடிபட்ட 97 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள கிங், தூண்டிலில் பிடித்தவற்றுள் இன்றும் உலகச் சாதனையாக இருக்கிறது. அந்தப் படம் இன்னமும் விளம்பரங்களில் உலவுகிறது. ஆனால் கீனாயில் கிங் வரத்து சரிந்து, 2023-லும் 2024-லும் அதைப் பிடிப்பதே தடுக்கப்பட்டது. யூக்கான் ஆற்றில், ஒரு மீன் தலைமுறை முழுதாகத் திரும்பி வரட்டும் என்று, ஏழு ஆண்டுகளுக்குச் சினூக் பிடிப்பை நிறுத்த அலாஸ்காவும் கனடாவும் 2024 ஏப்ரலில் உடன்பட்டன. தலைமுறை தலைமுறையாக அந்த மீனை உலர்த்திக் குளிர்காலத்தைக் கடந்த ஆற்றங்கரைப் பழங்குடி ஊர்களின் உலர்த்தும் பரண்கள் வெறுமையாகக் கிடக்கும்போது, விருந்தினராகப் போகும் நாம் கிங் கிடைக்கவில்லையே என்று குறைபட்டுக்கொள்வது தகாது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் கிங் கிடைக்கும் என்ற உறுதியை நம்பி முன்பணம் கட்டினேன். புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு அவசர ஆணையால் அந்த ஆறு மூடப்பட்டது; பணம் திரும்பவில்லை. அன்றிலிருந்து, ஆறு மூடப்பட்டால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் தராத எவரிடமும் நான் பதிவு செய்வதில்லை.

கிங்கை விட்டுவிட மனமில்லாதவர்களுக்குப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹைடா குவாய் தீவுகள் பொருத்தமான மாற்று. லங்காரா தீவை ஒட்டிய கடலில், தெற்கே தத்தம் ஆறுகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் சினூக் மீன்கள் கோடையில் இரையெடுத்துக்கொண்டே கடக்கின்றன. 30 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள சினூக்கை அந்தக் கடற்கரையில் டையீ என்று மதிப்போடு அழைக்கிறார்கள். அது ஆற்று மீன்பிடிப்பு அல்ல, படகில் அமர்ந்து ஆழத்தில் இரையை இழுக்கும் கடல் மீன்பிடிப்பு. முழங்காலளவு நீரில் நின்று நூல் வீச விரும்புகிறவருக்கு ஸ்கீனா ஆறும் அதன் துணையாறுகளும் உண்டு. எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில்தான் அங்குள்ள ஆறுகளில் அனுமதிக்கப்படுகிறது; இது மீனை அதிகக் காயமின்றி விட உதவும் நல்ல விதி. கடலுக்கான உரிமம் நடுவண் அரசிடமிருந்தும் ஆற்றுக்கான உரிமம் மாகாணத்திடமிருந்தும் பெற வேண்டும் என்பதைச் சிலர் படகுத்துறையில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

வேட்டையையும் மீனையும் ஒரே பயணத்தில் அடக்க விரும்புகிறவர்கள் நாட்காட்டியை முன்னே வைத்துக்கொள்ள வேண்டும். சாக்கையின் உச்சம் ஜூலையில் முடிகிறது. மூஸ் பருவம் அலாஸ்காவின் பல பகுதிகளில் செப்டம்பரின் சில வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டையும் இணைக்கும் ஒரே மீன் கோஹோ. முன்பெல்லாம் பிரிஸ்டல் விரிகுடாப் பக்கம் போனால் முல்சாட்னா மந்தையின் கேரிபூவும் சால்மனும் ஒருங்கே வாய்க்கும் என்பார்கள். 1997 வாக்கில் 2,00,000 எண்ணிக்கையை எட்டிய அந்த மந்தை, 2019-இல் சுமார் 13,000 ஆகச் சுருங்கி, வேட்டையும் நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று ஒரே பயணத்தில் இரண்டும் என்றால், செப்டம்பரில் தென்மேற்கு அலாஸ்காவில் மூஸ். அது முடிந்தபின் அல்லது தொடங்கும் முன் மூன்று நாட்கள் கோஹோ. பிரிட்டிஷ் கொலம்பியாவில் செம்மறி மலைகளும் சால்மன் கடலும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவு. அங்கே இரண்டையும் சேர்க்க முயல்வது பாதி விடுப்பை விமான நிலையங்களில் கழிப்பதாகவே முடியும்.

ஆவணங்களில் கனடியருக்குக் கனடாவே எளிது. துப்பாக்கி உரிமம் கையிலிருந்தால் எல்லை கடக்கும் வேலை இல்லை. அலாஸ்காவுக்குச் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோக வேட்டை உரிமத்தை முதலில் வாங்கி, அதைக் காட்டி அமெரிக்க நடுவண் முகமையிடம் தற்காலிக இறக்குமதி அனுமதி பெற வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகும். வழிகாட்டியின் துப்பாக்கியைக் கேட்டுப் பெறுவதே எளிது, ஆனால் அதைக் கொண்டு இலக்கில் சுட்டுப் பழக ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். பழுப்புக் கரடித் தோலை எல்லை தாண்டிக் கொண்டுவர, அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்படி தனி ஏற்றுமதி அனுமதியும் தேவை.

கடைசியாக இறைச்சி. விமானத்தில் பறந்த அன்றே பெருவிலங்கைச் சுடக்கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணி வரை காத்திருக்க வேண்டும் என்பது அலாஸ்காவின் விதி. சிட்கா கருவால் மான் வேட்டை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு; மூஸுக்கு இல்லை. மூஸின் உண்ணத்தக்க இறைச்சி முழுவதும் முகாமுக்கு வந்து சேரும் முன் கொம்பைச் சுமந்து வரக்கூடாது என்பதும் அங்கே சட்டம். அதை நான் மனமார மதிக்கிறேன். ஒரு முதிர்ந்த மூஸ் 500 பவுண்டு அளவுக்கு இறைச்சி தரும். சிறு மிதவை விமானம் அதை ஒரே நடையில் ஏற்றாது. ஒவ்வொரு கூடுதல் நடைக்கும் யார் பணம் தருவது, மழையில் விமானம் இரண்டு நாள் தாமதித்தால் இறைச்சியை எங்கே காற்றாடத் தொங்கவிடுவது, டொராண்டோவுக்குக் கொண்டுபோக முடியாத பங்கை எந்த ஊரில் எந்தக் குடும்பத்துக்கு, உரிய படிவத்தில் எழுதிக் கொடுப்பது என்பவற்றை முன்பணம் அனுப்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். குதிரை முகாம்களில் இதே சுமை குதிரைகளின் முதுகில் ஏறுகிறது. அங்கே கேட்க வேண்டியது, பாதைமுனையில் குளிர்பெட்டி வண்டி காத்திருக்குமா என்பது.