வாட் அருணா, வாட் போவா?

பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் வாட் அருண், எதிர்க்கரைப் பக்கம் வாட் போ. இரண்டும் புத்தர் கோயில்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், என் ஓட்டு வாட் அருணுக்கே.

அதன் நடுக்கோபுரத்தைத் தாய்லாந்து மன்னர் இரண்டாம் ராமா தொடங்க, அடுத்த மன்னர் மூன்றாம் ராமா முடித்தார். கிட்டப் போய்ப் பாருங்கள்: சுவர் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகள். உடைந்த தட்டின் வளைந்த விளிம்பே பூவிதழாகியிருக்கிறது! மேலே மாடங்களில் ஐராவதத்தின் மேல் இந்திரன், நமக்குத் தெரிந்தவர்தான். படிகள் மட்டும் ரொம்பச் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கவும்.

வாட் போவில் 46 மீட்டர் நீளச் சயன புத்தர். அவர் பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். அப்புறம், மருத்துவம் சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு. மழை நாளென்றால் இங்கேயே போங்கள்.