பொங்கலுக்குப் பொங்கல் நகரும் ஆட்டம்: ஹீரோஸ் 3 உடன் இருபது வருடங்களுக்கு மேல்

என் கம்ப்யூட்டரில் 'பொங்கல்' என்ற பெயரில் ஒரு சேவ், அதாவது பாதியில் சேமித்து வைத்த ஆட்டம், இருக்கிறது. 2019 பொங்கலன்று நானும் என் அத்தை மகனும் தொடங்கிய ஆட்டம். இருப்பதிலேயே பெரிய மேப், 144க்கு 144 கட்டம். அவனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. நான் காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் அவன் ஊருக்கு வருவான். அப்போது ஒரு ராத்திரி, மிஞ்சிப்போனால் இரண்டு ராத்திரி உட்காருவோம். இத்தனை வருடத்தில் ஆட்டத்துக்குள் ஐந்து மாதம்தான் ஓடியிருக்கிறது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று இரண்டு பேருமே நினைத்ததில்லை.

'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். 1999ல் வந்தது. நியூ வேர்ல்டு கம்ப்யூட்டிங் உருவாக்கியது. அதன் நிறுவனர் ஜான் வான் கனெகம் 1990ல் செய்த 'கிங்ஸ் பவுண்டி'தான் இந்த வரிசைக்கு வேர். முதல் பாகம் 1995ல், இரண்டாவது 1996ல். மூன்றுக்குப் பிறகும் பாகங்கள் வந்தன. நான்கையும் ஐந்தையும் ஆடியிருக்கிறேன். ஐந்து நன்றாகவே இருந்தது. ஆனாலும் சில வாரத்தில் மறுபடி மூன்றுக்கே வந்துவிடுவேன்.

எனக்கு இது அறிமுகமானது 2001ல். மச்சான் வீட்டில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்த ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதோடு சேர்ந்து வந்த சிடிக்களில் இதுவும் ஒன்று. மற்றதெல்லாம் சுடுவதும் கார் ஓட்டுவதும். அவற்றில் யார் கை வேகமோ அவன் ஜெயிப்பான், அதாவது அவன். இதில்தான் முதன்முறையாக நானும் அவனும் சமமாக உட்கார்ந்தோம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு நகரமும் ஒரு நாயகனும் கொடுப்பார்கள். நாயகன் மேப்பில் நடந்து மரம், தாது, பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம், பொன் என்று ஏழு வகைப் பொருள் சேர்ப்பான். நகரத்தில் கட்டடம் கட்டிப் படை எடுப்பீர்கள். எதிரியைச் சந்தித்தால் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டம் போட்ட களம் திறக்கும். அங்கே ஒவ்வொரு படையாக மாறி மாறி நகர்த்திச் சண்டை. எல்லாமே டர்ன் முறையில், அதாவது முறை வைத்து ஆடுவது; ஒரு டர்ன் என்பது ஆட்டத்தில் ஒரு நாள். நீங்கள் முடித்துவிட்டேன் என்று சொல்லாத வரை உலகம் அப்படியே நிற்கும்.

இதன் சுவையெல்லாம் 'ஒரு நாள்' என்ற அளவில்தான் இருக்கிறது. ஒரு நாளில் நகரத்துக்கு ஒரே ஒரு கட்டடம்தான் கட்டலாம். நாயகனும் இத்தனை தூரம்தான் நடப்பான். கல் பாவிய சாலையில் போனால் பாதிச் செலவு, சதுப்பில் இறங்கினால் நாள் அங்கேயே போய்விடும். அவனுடைய நடை, அன்று காலையில் அவனோடு இருக்கும் படைகளில் எது மெதுவானதோ அதைப் பொறுத்தது. அதனால் ராத்திரி குள்ளர் படையை இன்னொரு நாயகனிடம் இறக்கிவிட்டுப் படுத்தால் காலையில் நாலு எட்டு கூட நடக்கலாம். இதை மச்சான் என்னிடம் மூன்று வருடம் சொல்லாமலே வைத்திருந்தான்.

வாரத்தின் முதல் நாள்தான் புதுப் படை வரும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளக்காமலே புரியும். போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ராத்திரி கையில் காசு இல்லாதவன் ஞாயிறு காலையில் சந்தையைச் சுற்றி வேடிக்கைதான் பார்க்க முடியும். ஆட்டமும் அப்படித்தான். ஏழாம் நாளுக்குள் படைக்கான கொட்டிலைக் கட்டியிருந்தால் எட்டாம் நாள் அந்த வாரத்து வரவாகத் தேவதைகள் கூடுதலாக வந்து நிற்கும். ஒரு நாள் தப்பினால் அந்த வரவு போய்விடும், அடுத்த வரவுக்கு இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

காசுக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அது என் தொழில். நகரம் முதலில் நாளுக்கு 500 பொன் தரும். 2,500 போட்டு டவுன் ஹால் கட்டினால் 1,000. இன்னும் 5,000 போட்டு சிட்டி ஹால் கட்டினால் 2,000. அப்புறம் 10,000 போட்டு கேப்பிடல் கட்டினால் 4,000. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: மூன்று படியிலும் போட்ட முதல் சரியாக ஐந்தாம் நாளில் திரும்பி வந்துவிடுகிறது. இதைப் பேப்பரில் எழுதிப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, பைசா பிசகாமல் போட்ட கணக்கு அது. ஐந்து நாளில் மீளும் என்றால் எல்லோரும் அதையே முதலில் கட்டிவிட மாட்டார்களா? அங்கேதான் சிக்கல். அந்த ஐந்து நாளில் படை வாங்கக் கையில் காசு இருக்காது. பக்கத்துச் சுரங்கத்தை எதிரி பிடித்துக்கொள்வான். மண்டியில் சித்திரை மாதம் அட்வான்ஸ் முழுவதையும் தோப்புக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு லாரி வாடகைக்கு நிற்கிறவன் நிலைதான். எது முன், எது பின் என்பதை ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிதாக யோசித்தாக வேண்டும். இருபது வருடத்தில் எனக்கு இதற்கு ஒரே விடை கிடைத்ததில்லை.

சின்ன வயதில் பெண்ணேஸ்வரமடத்தில் தாத்தா வீட்டுத் தரையில் கரிக்கோடு போட்டு ஆடு புலி ஆட்டம் ஆடுவோம். 3 புலி, 15 ஆடு. எல்லா ஆட்டையும் இறக்கி முடிக்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலிக்கு ஒரு நியாயம், ஆட்டுக்கு ஒரு நியாயம், ஆனாலும் ஆட்டம் சமம். ஹீரோஸில் அதே குணம் இருக்கிறது. மூல ஆட்டத்தில் எட்டு நகரங்கள். விரிவாக்கத்தில் ஒன்பதாவது வந்தது. ஒவ்வொன்றின் படைக்கும் ஒரு தனிப் போக்கு. காட்டு நகரத்தின் எல்ஃப் வில்லாளியை மேம்படுத்தினால் ஒரே முறையில் இரண்டு அம்பு விடுவான். மர மனிதன் தொட்ட எதிரியை வேரால் கட்டிப்போடுவான். கருப்பு டிராகன் மேல் எந்த மந்திரமும் பலிக்காது. உங்கள் மந்திரமும்தான், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் எந்த நகரம் ஒசத்தி என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

விதிகள் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கின்றன என்பதை எனக்குக் காட்டியது என் மகள். 2023 பொங்கல், மாட்டுப் பொங்கல் ராத்திரி. அப்போது அவளுக்குப் பத்து வயது. மச்சானிடம் சுடுகாட்டு நகரம், நெக்ரோபோலிஸ். 38 ரத்தக்காட்டேரிப் பிரபுக்களோடு என் பொன் சுரங்கத்துக்கு வந்துவிட்டான். அந்தப் படை பறந்து வந்து கடிக்கும். திருப்பி அடிக்க முடியாது. கடித்த ரத்தத்தால் தன் செத்த ஆட்களையே எழுப்பிக்கொள்ளும். என்னிடம் டவர் நகரம். தூரத்திலிருந்து எறியும் மாஸ்டர் கிரெம்லின்களை ஒரு மூலையில் நிறுத்தி, சுற்றிலும் கல் பொம்மைகளையும் இரும்பு கோலெம்களையும் வைத்து அடைத்தேன். மடியில் உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள்.

"ஏம்ப்பா இவங்க முன்னாடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "ஓ, இரும்பைக் கடிச்சா ரத்தம் எங்க வரும்!"

"பாப்பா கண்டுபிடிச்சிட்டா மச்சான்," என்று அவன் சிரித்தான். அதுதான் விதி. உயிருள்ள படையைக் கடித்தால்தான் காட்டேரி பிழைக்கும். கல்லையும் இரும்பையும் கடித்தால் அடி விழும், ஆனால் ஒருவனும் எழுந்திருக்க மாட்டான். ஆங்கில உதவிக் குறிப்பு எதையும் படிக்காத ஒரு குழந்தைக்கு அது படத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

சண்டை அதோடு முடியவில்லை. அவன் இருபது நிமிடம் யோசித்தான். என் மந்திரவாதிகள் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டான். அவர்கள் மனிதர்கள். காட்டேரிகள் அங்கே பறந்தன. மந்திரவாதிகள் அத்தனை பேரும் போனார்கள், 9 காட்டேரிகள் எழுந்தன. நான் கிரெம்லின்களை வைத்து எறிந்துகொண்டே இருந்தேன். கடைசியில் 11 மிஞ்சியபோது பொன்னைக் கட்டிச் சரணடைந்து, மிச்சப் படையோடு தப்பினான். மணி ஒன்றரை. மகள் எப்போதோ தூங்கியிருந்தாள்.

இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டரில் ஆடுவதை ஹாட் சீட் என்பார்கள். ஒருவன் ஆடும்போது இன்னொருவன் பார்க்கக் கூடாது. அதனால் அவன் டர்னில் நான் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவேன். என் டர்னில் அவன் போவான். இப்படித் திண்ணையில் கழிந்த நேரத்தைக் கூட்டினால், திரைக்கு முன்னால் கழிந்த நேரத்துக்குச் சமமாக இருக்கும். அத்தை வந்து உட்காருவார். தாத்தா நிலத்தைப் பிரித்த கதை, அத்தை கல்யாணத்துக்கு முன் கிருஷ்ணகிரியில் பார்த்த முதல் சினிமா, எனக்குத் தெரியாத எத்தனையோ அந்தத் திண்ணையில்தான் கேட்டேன். "உன் டர்ன்டா" என்று உள்ளிருந்து குரல் வந்தால், "போ, அப்புறம் சொல்றேன்" என்பார். வேகமான ஆட்டமாக இருந்திருந்தால் எனக்கு அந்த இடைவெளியே கிடைத்திருக்காது. 2021ல் அத்தை போய்விட்டார். அதன் பிறகும் மச்சான் டர்னில் நான் திண்ணைக்குத்தான் போகிறேன்.

காத்திருக்கும் குணம் இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது. மின்வெட்டு மோசமாக இருந்த வருடங்களில் எங்கள் தெருவில் கரண்ட் போகாத நாளே கிடையாது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் சேவ் செய்ய அரை நிமிடம் போதும். அதைத் தவறவிட்டாலும் ஒவ்வொரு நாளும் ஆட்டமே தானாகச் சேமித்து வைத்திருக்கும். அதிகம் போனால் ஒரு டர்ன் நஷ்டம். ஒரே ஒரு முறைதான் பெரிய அடி. 2011ல் சர்வீஸுக்குக் கொடுத்த கம்ப்யூட்டரை, கேட்காமலே ஃபார்மேட் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வருட ஆட்டம் போய்விட்டது. அன்றிலிருந்து சேவ் கோப்பு பென் டிரைவிலும் ஒரு நகல் இருக்கிறது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பால் ரொமேரோவும் குழுவினரும் நகரத்துக்கு ஒரு மெட்டு போட்டிருக்கிறார்கள். காட்டு நகரத்தின் மெட்டு கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும். மண்டியில் கணக்கு ஒத்துவராத நாளில் அதை மட்டும் போட்டுக் கேட்டிருக்கிறேன். வாரத் தொடக்கத்தில் "ஜோதிடர்கள் அறிவிக்கிறார்கள்" என்று ஒரு செய்தி வரும்: இந்த வாரம் இன்ன படைக்கு வளர்ச்சி கூடும் என்று. சில மாதம் கொள்ளைநோய் என்று வந்து, நகரத்தில் இன்னும் வாங்காமல் இருக்கும் படையெல்லாம் பாதியாகிவிடும். எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் கிழிக்கும் அம்மாவுக்கு ஆட்டத்தில் பிடித்த ஒரே பகுதி அதுதான். "இந்த வாரம் என்ன போட்டிருக்கான்?" என்று கேட்பார்.

குறைகளும் உண்டு. கம்ப்யூட்டர் எதிரி பெரிய மேப்பில் சோம்பேறியாகிவிடும். நகரத்தைக் காவலில்லாமல் விட்டுவிட்டு அலையும். பழகியவர்களுக்கு மனித எதிரிதான் தீனி. மந்திரங்களில் நாயகனை நொடியில் தன் நகரத்துக்குக் கொண்டுபோகும் டவுன் போர்ட்டலும், திறமைகளில் செத்தவர்களை எழுப்பும் நெக்ரோமான்சியும் அளவுக்கு மீறிய பலம். செத்த எதிரிகள் எலும்புக்கூடாக நம் பக்கம் வந்துகொண்டே இருந்தால் மூன்றாம் மாதத்தில் ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். நாங்கள் இருவரும் அதை உயர்நிலைக்குக் கொண்டுபோவதில்லை என்று வாய்வார்த்தையாக ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அப்புறம் தமிழில் இல்லை. மகளுக்கு நான் ஒவ்வொரு பெயராகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. மூல ஆட்டம் 800க்கு 600 திரை அளவில் நிற்கும். இன்றைய பெரிய திரையில் எழுத்து கண்ணைக் குத்தும்.

கடைசிக் குறைக்கு ரசிகர்களே வழி செய்துவிட்டார்கள். ஹெச்டி மாட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் திரை அகலமாகும், ஆடவும் இன்னும் வசதியாகும். 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்ற ரசிகர் விரிவாக்கம் கடற்கொள்ளையர் நகரம் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. பழைய ஓவியத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆட்டத்தை வெளியிட்ட த்ரீடிஓ கம்பெனி 2003ல் திவாலான பிறகு உரிமை யூபிசாஃப்ட் கைக்குப் போனது. 2015ல் அவர்கள் வெளியிட்ட ஹெச்டி பதிப்பில் இரண்டு விரிவாக்கங்களும் கிடையாது. அதனால் வாங்குவதாக இருந்தால் மூன்றும் சேர்ந்த 'கம்ப்ளீட்' பதிப்பையே வாங்குங்கள். ரசிகர் சேர்க்கைகளும் அதன் மேல்தான் உட்காரும். அதன் கோப்புகள் இருந்தால் விசிஎம்ஐ என்ற இலவச எஞ்சின் வழியாக ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடுகிறது. மகள் இப்போது அதில்தான் ஆடுகிறாள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சின்ன மேப், கேசில் நகரம், ஒரே ஒரு எதிரி என்று தொடங்குங்கள். முதல் மூன்று ஆட்டம் தோற்பீர்கள். தோற்கும்போதுதான் எந்த நாளை வீணாக்கினோம் என்று தெரியும். நான் இன்றும் ஆட்டம் முடிந்ததும் அதைத்தான் யோசித்துப் பார்ப்பேன்.

எங்கள் 'பொங்கல்' இப்போது ஐந்தாம் மாதம், மூன்றாம் வாரம், நான்காம் நாள். வடக்கே அவனுக்கு இரண்டு நகரம், எனக்கு மூன்று. ஆனால் அவனிடம் எலும்பு டிராகன்கள் சேர்ந்திருக்கின்றன என்று என் ஒற்றன் பார்த்துவிட்டான். போன ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். விடியற்காலை என் டர்னை முடித்துச் சேவ் செய்தேன். அடுத்தது அவன் முறை.