ஜேம்ஸ் பெர்னார்டின் இரண்டு அச்சங்கள்

பிரிட்டனின் ஹாமர் திரைப்பட நிறுவனத்துக்காக ஜேம்ஸ் பெர்னார்ட் இசையமைத்த ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ (1955), ‘டிராகுலா’ (1958) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், ஒரே மனிதரின் வேலைதானா இவை என்று சற்றுத் தயங்கக்கூடும். முன்னது அவருடைய முதல் திரையிசை. அதில் தந்தி வாத்தியங்களும் தாளக் கருவிகளும் மட்டுமே ஒலிக்கின்றன, ஊதுகருவி ஒன்றுகூட இல்லை. வயலின்கள் அரைச்சுர இடைவெளியில் ஒன்றோடொன்று உரசும்போது, விண்வெளியிலிருந்து திரும்பியவனின் உடலுக்குள் ஏதோ மெல்ல வளர்வதைக் காதால் உணர்கிறோம்.

‘டிராகுலா’வில் ஒளிவுமறைவே இல்லை. ‘டிரா-கு-லா’ என்ற மூன்று அசைகளையே மூன்று சுரங்களாக்கி, பித்தளைக் குழல்களின் முழுவலிமையோடு முழக்குகிறார் பெர்னார்ட். அதே மெட்டை ஒரு முழுச்சுரம் தள்ளி உடன் ஒலிக்கச் செய்வதால், கம்பீரமான அந்த அழைப்பு நாராசமாகவும் மாறிவிடுகிறது. பெயரைக் கூவி அறிவிக்கும் இந்த உத்தி கொஞ்சம் வெளிப்படையானதுதான் என்றாலும், ஒருமுறை கேட்டவர் அதை மறப்பதில்லை. திரையரங்கின் பெரிய ஒலியில் கேட்க ‘டிராகுலா’வே ஏற்றது, இரவில் தனியே, காதொலிப்பானில் கேட்பதாயின் என் தேர்வு ‘குவாட்டர்மாஸ்’தான், ஏனெனில் அதன் தந்திகள் அடங்கும் இடங்களில்தான் அறையின் மற்ற ஓசைகள் திடீரெனக் கேட்கத் தொடங்குகின்றன.